குரலுக்கு அஞ்சு மார்க்

இல்லண்ணே, அந்த ஊர்ல எனக்குச் சொந்தம்னு யாரும் கிடையாது. ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். தெரிஞ்சவங்க வீடுதான். அவங்களுக்கு என்னை அவ்வளவாத் தெரியாது, எனக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும். அது எப்படின்னு கேப்பீங்க. சொல்றேன். நீங்க கடைசி ஸ்டாப்புன்னுதானே சொன்னீங்க, நேரம் இருக்கு.

நான் வேலை பாக்குறது ஜெயில்லண்ணே. பயப்படாதீங்க, போலீஸ் இல்ல, வார்டரும் இல்ல. கான்ட்ராக்ட் ஆளு. பேரு சகாயராஜ். அங்க வீடியோ கால் ரூம்னு ஒண்ணு இருக்கு. கொரோனா சமயத்துல மனு பாக்க, அதான் கைதிகளை நேர்ல பாக்க, யாரும் வரக்கூடாதுன்னு நிறுத்தினாங்கல்ல, அப்ப ஆரம்பிச்சது. உள்ள இருக்கிறவங்க வாரம் ஒரு தடவை, பத்து நிமிஷம், வீட்டு ஆளுங்களோட முகம் பாத்துப் பேசிக்கலாம். நான் ஓரமா ஒரு மேசை போட்டு உக்காந்திருப்பேன். அவங்களுக்கு ஒரு திரை, எனக்கு ஒரு திரை. அவங்க திரையில முகம் தெரியும். என் திரையில ஒரு கோடு ஓடும். லைன் நல்லா இருந்தா பச்சை, இழுத்தா மஞ்சள், சிவப்பு வந்தா போச்சு.

கோடு மட்டும் பாத்தா பத்தாதுண்ணே. காதுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு குரல் எப்படி வருதுன்னு கேக்கணும். கரகரன்னு வருதா, எதிரொலிக்குதா, வெட்டி வெட்டி வருதா. கேட்டுட்டு அஞ்சுக்கு மார்க் போடணும். மூணுக்குக் கீழ போட்டா காரணம் எழுதணும். வேலைக்குச் சேந்த அன்னைக்கே கம்பெனி ஆளு சொல்லிட்டார். பேச்சைக் கேக்கக் கூடாது, குரலைத்தான் கேக்கணும்னு. ஆறு வருஷமா நான் அப்படித்தான். குரலைத்தான் கேப்பேன்.

காலையில முதல் வேலை லைனைச் சோதிச்சுப் பாக்குறது. அதுக்கு இன்னொரு ஆளு வேணும். ஆளு கிடையாது. அதனால ஒரு மெஷின்ல இருந்து இன்னொரு மெஷினுக்கு நானே கூப்பிடுவேன். இந்தத் திரையிலயும் நான், அந்தத் திரையிலயும் நான். "ஹலோ, கேக்குதா"ன்னு கேப்பேன். அரை செகண்டு கழிச்சு அந்தப் பக்கம் இருக்கிறவன் வாயை அசைப்பான். "கேக்குது, கேக்குது"ன்னு நானே பதிலும் சொல்லிக்குவேன். அய்யாவுன்னு ஒரு வார்டர், அந்த ரூமுக்கு அவர்தான் டூட்டி. "சகாயம், உனக்கு வீட்டுல பேச ஆளு இல்லங்கிறதுக்காக இப்படியா"ம்பார். தமாசுக்குத்தான் சொல்வார். நல்ல மனுசன்.

இப்ப நான் போயிட்டு வந்த வீடு வீரணன் வீடு. லாரி டிரைவர். எங்கேயோ வெளிமாவட்டத்துல லாரி ஷெட்டுல கூட இருந்த ஆளோட சண்டை. கையில ஸ்பேனர் இருந்திருக்கு. அடிச்சதுல அந்த ஆளுக்கு ஒரு கண்ணு போச்சு. இவருக்கு மூணு வருஷம். முதல் தடவை அந்த நாற்காலியில வந்து உக்காந்தப்ப கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாம முழங்காலுக்கு நடுவுல வச்சுக்கிட்டார். நான்தான் கேமராவுக்குள்ள தலையை நீட்டி, "சத்தம் கேக்குதாம்மா, படம் தெரியுதா"ன்னு கேட்டேன். எல்லாருக்கும் கேக்குறதுதான். அந்தப் பக்கம் அவர் சம்சாரம் தவமணி. தன் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில நின்னு பேசும். பக்கத்துல சின்னப் பொண்ணு, தர்ஷிகா. அப்ப அஞ்சு வயசு இருக்கும்.

அந்தப் பிள்ளைகிட்ட, அப்பா பெரிய கம்பெனியில வேலை பாக்குறார், லீவு தரமாட்டாங்கன்னு சொல்லி வச்சிருந்தாங்க. ரெண்டாவது வாரம் வீரணன் என்கிட்ட வந்து மெதுவா, "சார், இந்த வெள்ளை உடுப்பைப் பாத்து என்னப்பா ஆஸ்பத்திரியான்னு கேக்குறா"ன்னார். அடுத்த வாரத்துல இருந்து என் சட்டையைக் கழட்டிக் குடுத்துருவேன். பத்து நிமிஷம் நான் பனியனோட உக்காந்திருப்பேன். அய்யாவு சன்னல் பக்கம் திரும்பி நின்னுக்குவார். பின்னால ஜெயில் பேரு எழுதின போர்டு ஒண்ணு இருந்துச்சு, அதை மறைக்க ஒரு காலண்டரை மாட்டினேன். இதெல்லாம் என் வேலை இல்லண்ணே. யாரும் சொல்லியும் செய்யல.

அந்த மாடியில டவர் சரியாக் கிடைக்காது. எத்தனை வாரம் கவனிச்சு, எந்த மூலையில நின்னா கோடு பச்சையாகுதுன்னு நான்தான் கண்டுபிடிச்சேன். "தண்ணி டேங்குக்குக் கெழக்கால நில்லுங்க தங்கச்சி"ன்னேன். நின்னுச்சு. பளிச்சுன்னு ஆயிருச்சு. இன்னொண்ணும் சொல்லிக் குடுத்தேன். "படம் அப்படியே நின்னு போச்சுன்னா பயந்துக்கிட்டு வாயை மூடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க. படம் நின்னாலும் குரல் போகும்." உண்மைதாண்ணே அது. படத்துக்குத்தான் லைன் நிறைய வேணும், குரலுக்குக் கொஞ்சம் போதும். அதுல இருந்து படம் நின்னாலும் அந்தப் பொண்ணு பேச்சை நிறுத்தாது.

தர்ஷிகா எனக்குப் பேரே வச்சிருச்சு. "கேக்குதா மாமா." கால் வந்ததும், "கேக்குதா மாமா எங்க"ன்னு கேக்கும். நான் தலையை நீட்டிக் கையாட்டுவேன். ஒரு தடவை தவமணி, "அண்ணே, சாப்பிட்டீங்களா"ன்னு கேட்டுச்சு. என்னையத்தான். அன்னைக்கு அந்தக் காலுக்கு நாலரைதான் வரும். நான் அஞ்சு போட்டேன்.

தவமணிக்கு வயித்துல கட்டி எடுத்தது, அண்ணன் சம்சாரம் குத்தலாப் பேசுறது, தையல் கத்துக்கிட்டு ஒரு கடைக்கு வேலைக்குப் போனது எல்லாம் எனக்குத் தெரியும். ஒட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டது இல்ல. குரலைக் கேக்குறப்ப கூடவே வந்து விழுறதுதான்.

ஒண்ணரை வருஷம் முன்னால இருக்கும். ஒரு வாரம் அந்தப் பொண்ணு தனியா வந்துச்சு. பிள்ளை எங்கன்னு இவர் கேட்டார். கீழ விளையாடுதுன்னுச்சு. குரல்ல ஒரு நடுக்கம். லைன்ல வர்ற நடுக்கம் வேற, தொண்டையில வர்ற நடுக்கம் வேற, எனக்குத் தெரியும். கோடு பச்சை. அஞ்சுக்கு அஞ்சு. அப்படி ஒரு லைன் மாசத்துல ஒரு தடவைதான் அமையும். அந்தப் பொண்ணு சொல்லுச்சு, "நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாமக் கேளுங்க."

அண்ணே, இந்த வார்த்தை எனக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால என் சம்சாரம் அவ அம்மா வீட்டுல இருந்து போன் பண்ணி இதே வார்த்தையைத்தான் சொன்னா. ஒண்ணு சொல்லணும், கோவப்படாமக் கேளுங்கன்னு. நான் கோவப்படாமத்தான் கேட்டேன். திரும்பி வரமாட்டேன்னா. அன்னைக்கு லைன் அவ்வளவு சுத்தம். ஒரு எழுத்து விடாமக் கேட்டுச்சு. கொஞ்சம் வெட்டிக்கிட்டு வந்திருந்தாக்கூடத் தேவலைன்னு இருந்துச்சு.

அதனால வயரை உருவிட்டேன்.

ஆமாண்ணே, நான்தான். மேசைக்குக் கீழ கையை விட்டு மெஷினுக்குப் பின்னால இருந்த வயரை உருவிட்டேன். திரையில தவமணி முகம் அப்படியே நின்னுச்சு, வாய் பாதி திறந்து. "சார், என்ன ஆச்சு"ன்னார் வீரணன். "அந்தப் பக்கம் சிக்னல் இல்ல"ன்னேன். "மறுபடி கூப்பிட முடியாதா?" "நேரம் முடிஞ்சு போச்சு"ன்னேன். இன்னும் நாலு நிமிஷம் இருந்துச்சு. புக்குல மூணுக்குக் கீழ மார்க் போட்டு, மறுமுனையில் சிக்னல் குறைவுன்னு எழுதினேன். இந்த ஆறு வருஷத்துல நான் எழுதின பொய் அது ஒண்ணுதான்.

அந்த வாரம் பூரா அவருக்குச் சோறு இறங்கலன்னு அய்யாவு சொன்னார். அடுத்த கால் அன்னைக்கு வந்து என் சட்டையைப் போட்டுக்கிட்டே, "என்ன சொல்ல வந்தாளோ சார்"ன்னார். நான் சொன்னேன், "அதைக் கேக்காதீங்க வீரணன். கேட்டாத்தான் சொல்லுவாங்க. போன வாரம் பேசினதை விட்டுரு, எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல, இனிமே அதைப் பத்திப் பேச வேணாம்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிருங்க." அவர் பச்சைப் பிள்ளை மாதிரி அதையே ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிட்டார்.

கால் வந்துச்சு. அப்படியே சொன்னார். ஒரு வார்த்தை மாத்தாமச் சொன்னார். அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. லைன் போயிருச்சோன்னு நான் கோட்டைப் பாத்தேன், பச்சைதான். அப்புறம், "நிஜமாவா"ன்னுச்சு. "நிஜமாத்தான்"னார். "நிஜமா உங்களுக்குக் கோவம் இல்லையா?" "இல்ல." மூணு தடவை கேட்டுச்சுண்ணே. மூணு தடவையும் சொன்னார். அந்தப் பொண்ணு முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதுச்சு. அப்படி ஒரு அழுகையை நான் அந்த ரூம்ல கேட்டதில்ல. பாரம் இறக்கி வச்ச மாதிரி. அதுக்கப்புறம் அந்தக் குரலே மாறிப் போச்சு. தெளிஞ்சிருச்சு. வாராவாரம் சிரிச்சுப் பேசுச்சு. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா. ஒரு குடும்பத்தைச் சேத்து வச்சிட்டோம்னு இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்ல முடியாதே தவிர, ரூமுக்குப் போய்ப் படுத்தா அதை நினைச்சுக்கிட்டே தூங்கிருவேன்.

நாலு மாசம் முன்னால வீரணன் விடுதலை. போறப்ப என் ரூமுக்கு வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒருநாள் வீட்டுக்கு வாங்க சார்"ன்னார். வந்தாகணும்னு வேற சொன்னார், என் நம்பரையும் வாங்கிக்கிட்டார். நான் ஒரு மாசம் பாத்தேன், ரெண்டு மாசம் பாத்தேன். கூப்பிடுவார்னு நினைச்சேன். புது வாழ்க்கை, ஆயிரம் வேலை இருக்கும். அவர் பேசுற நேரத்துக்கு இப்ப வேற ஒரு கைதி வர்றார். எப்பப் பாத்தாலும் நிலப் பத்திரம், வக்கீல், இதே பேச்சு. எனக்குப் பிடிக்கல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, லீவு. நாமளே போவோம்னு கிளம்பிட்டேன். அண்ணன் வீட்டுலயே ஒரு பகுதியில இருக்காங்க, விலாசம் எங்க புக்குல இருந்துச்சு. மாடியில தண்ணி டேங்க் வச்ச வீடு, எதிர்ல வேப்பமரம். விசாரிக்கவே இல்ல, நேராப் போய் நின்னேன்.

வாசல்ல தவமணிதான் நின்னுச்சு. அதுக்கு என்னைச் சட்டுன்னு அடையாளம் தெரியல. நான் தலையை லேசாச் சாய்ச்சு, "சத்தம் கேக்குதாம்மா, படம் தெரியுதா"ன்னேன். அந்தப் பொண்ணு முகம் வெளுத்துப் போச்சு. தெருவை ரெண்டு பக்கமும் பாத்துட்டு, "உள்ள வாங்க"ன்னுச்சு. வெயில்ல நிக்கிறேனேன்னு இரக்கம். தர்ஷிகாதான் குரலைக் கேட்டுட்டு ஓடி வந்துச்சு, "கேக்குதா மாமா"ன்னு. எட்டு வயசு. நல்ல உயரம். திரையில அது தெரியாதுல்ல.

வீரணன் பின்கட்டுல இருந்து வந்தார். "வாங்க சார்"ன்னார். கையைத் துடைச்சுக்கிட்டே தரையைப் பாத்து நின்னார். சொல்லாமக் கொள்ளாம வந்துட்டேன், கூச்சமா இருந்திருக்கும். சாப்பிட உக்கார வச்சாங்க. நான்தான் பேசினேன். "கட்டி எடுத்த எடம் இப்ப வலிக்குதா தங்கச்சி"ன்னு கேட்டேன். கரண்டியைப் பிடிச்ச கை அப்படியே நின்னுச்சு. "அண்ணன் சம்சாரம் இப்பவாவது ஒழுங்காப் பேசுறாங்களா"ன்னேன். அந்தப் பொண்ணு வீரணனைப் பாத்துட்டு என்னைக் கேட்டுச்சு, "நாங்க பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"இல்ல தங்கச்சி, குரல் மட்டும்தான்"னேன்.

வீரணன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தார். எனக்கு அந்த அமைதி தாங்கலண்ணே. எதையாவது சொல்லி அவங்களைச் சந்தோசப்படுத்தணும்னு இருந்துச்சு. நான் அவங்களுக்குச் செஞ்ச பெரிய காரியம் அது ஒண்ணுதானே. "தங்கச்சி, ஒரு உண்மையைச் சொல்லவா. ஒருநாள் நீங்க இவர்கிட்ட ஒண்ணு சொல்லணும், கோவப்படாமக் கேளுங்கன்னு ஆரம்பிச்சீங்களே, அன்னைக்கு லைன் தானாப் போகல. நான்தான் வயரை உருவினேன். உங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதான்."

தவமணி கரண்டியைச் சட்டியில வச்சுச்சு. "எப்ப உருவினீங்க?"

"கோவப்படாமக் கேளுங்கன்னு சொன்னீங்கள்ல, அதோட."

"அப்ப இவருக்குக் கேக்கலையா?"

"எப்படிக் கேக்கும் தங்கச்சி."

"படம் நின்னாலும் பேசுங்க, குரல் போகும்னு நீங்கதானே சொன்னீங்க. நான் பேசினேனே. எல்லாத்தையும் சொன்னேனே." குரல் ரொம்பத் தணிவா வந்துச்சு. வீரணன் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் கோவம் இல்லன்னு சொன்னீங்களே. மூணு தடவை கேட்டேனே உங்களை"ன்னுச்சு.

வீரணன் சோத்துல கையை வச்சபடியே உக்காந்திருந்தார். "என்ன சொன்ன தவம்?"ன்னார்.

அந்தப் பொண்ணு பிள்ளையைப் பாத்துச்சு. பிள்ளை அப்பளத்தை நொறுக்கிக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் என் இலையைப் பாத்து, "மோர் ஊத்தவா"ன்னுச்சு. ஊத்துச்சு. இலைக்கு வெளியவும் கொஞ்சம் போச்சு. நான் சாப்பிட்டேண்ணே. வீணாக்கக் கூடாதுல்ல.

வீரணன்தான் பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வந்தார். வழி பூரா துண்டைத் தோள்ல மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டே வந்தார். நான்தான், பிள்ளை உங்க சாயல், வீடு நல்ல காத்தோட்டமா இருக்குன்னு ஏதேதோ சொல்லிக்கிட்டு வந்தேன். ஸ்டாப்புல வந்து நின்னதும் கேட்டார், "சார், நிஜமாவே உங்களுக்கும் கேக்கலையா?"

"வயரை உருவினா எனக்கும்தான் போயிரும் வீரணன்."

"அவ என்ன சொன்னான்னு தெரியாமலே கோவம் இல்லன்னு சொல்லியிருக்கேன். ஒண்ணரை வருஷமா அவ அதை நம்பிக்கிட்டு இருந்திருக்கா." கொஞ்ச நேரம் ரோட்டையே பாத்தார். "இப்பப் போய் நான் அதைக் கேக்கணுமா, கேக்காம இருக்கணுமா? நீங்கதான சார் அன்னைக்குச் சொல்லிக் குடுத்தீங்க. இதையும் சொல்லுங்க."

ஆறு வருஷத்துல எத்தனை பேர் பேச்சு காதுல விழுந்திருக்கும். ஒண்ணும் வரல. "சின்ன விசயமாத்தான் இருக்கும்"னேன். அவர் என்னைப் பாத்தார். கோவமாப் பாத்திருந்தாக்கூடப் பரவாயில்ல. "இனிமே வராதீங்க சார்"ன்னார். மரியாதையாத்தான் சொன்னார்.

அப்பத்தான் இந்த பஸ் வந்துச்சு. ஏறி, சன்னல் வழியாக் கையாட்டினேன். அவர் பாக்கல. வீட்டுப் பக்கமும் திரும்பல. அந்த சிமெண்டு பெஞ்சுல போய் உக்காந்துட்டார். நீங்ககூடப் பாத்திருப்பீங்க, பச்சைத் துண்டு போட்டுக்கிட்டு ஒருத்தர். அவர்தான். பஸ் திரும்புற வரைக்கும் பாத்தேன். எந்திரிக்கல.

அவங்க வீட்டு நம்பருக்கு ரெண்டு தடவை போன் போட்டுட்டேன், எடுக்கல. என் நம்பர்னு தெரிஞ்சிருக்கும். அண்ணே, தப்பா நினைக்காதீங்க, உங்க போனைக் கொஞ்சம் தர்றீங்களா? நான் யாருன்னு சொல்லமாட்டேன். அவர் வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டாரான்னு மட்டும் கேட்டுட்டு வச்சிருவேன்.